தாங்குமார்

என் அக்காவின் கணவருக்குத் தாங்குமார் என்று பெயர் வைத்தவன் நான்தான். அவருடைய நிஜப் பெயரில் குமார் எங்கேயும் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக ஓர் இரும்புச் சாமான் கடையின் கவுண்ட்டருக்குப் பின்னால் நிற்கிற மனிதர் அவர். கயிறு, சங்கிலி, கொக்கி, கீல், தாழ்ப்பாள், நட்டு, போல்ட்டு. இவ்வளவுதான் அவருடைய உலகம். இந்தச் சாமான்களை வாங்க வருகிற எவரும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான், "தாங்குமா?" அதற்கு அவர் சொல்லும் பதிலும் ஒன்றே ஒன்றுதான், "தாங்கும்." என்ன தொங்கவிடப் போகிறார்கள், எத்தனை கிலோ, சுவர் செங்கல்லா வெறும் அட்டையா, எதையும் கேட்கமாட்டார். பொட்டலத்தை மடித்து நீட்டிக்கொண்டே சொல்லிவிடுவார்.

வீட்டிலும் அதே பாட்டுத்தான். மழை பெரிதாக வரும் போலிருக்கிறதே என்றால் ஓடு தாங்கும் என்பார். நாற்காலிக் கால் ஆடுகிறதே என்றால் தாங்கும் என்பார், நாம் உட்கார்ந்து விழுந்த பிறகும் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்பார். ஆளைப் பார்த்தால் அவரையே நாலு திருகாணி போட்டு இறுக்கவேண்டும் போல இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் அந்த நாலு திருகாணி கிடக்கும். துவைக்கப் போடும்போது எடுக்கமாட்டார். வாஷிங் மெஷினுக்குள் கடகடவென்று சத்தம் கேட்டால் அக்கா அடுப்படியிலிருந்தே கத்துவாள்.

நான் அப்படிப்பட்டவன் இல்லை. நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, எண்ணி எண்ணிப் புதுக் கம்பி சுற்றுவது என் தொழில். பத்துச் சுற்றுக் குறைந்தால் அந்த மோட்டார் மறுபடி என்னிடமே எரிந்து வரும். அதனால் அளக்காமல் எதையும் சொல்லமாட்டேன். என் கடையில் மீட்டர் மாட்டுகிற ஆணியில் வேறு யாராவது சட்டையை மாட்டினால் சண்டைக்குப் போவேன். வாயால் மின்சாரம் அளக்கிற ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. என் அக்கா போயும் போயும் அப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டாள்.

அக்காவுக்குச் சின்ன வயதிலேயே இடது கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸும் கையில் ஒரு கம்புமாகத்தான் நடப்பாள். மேட்டு மேல் இருக்கிற ஆஸ்பத்திரியில், லேபில் வேலை. ரத்தத் துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, என்ன நோய் என்று எழுதுகிறவள். சந்தேகம் வந்தால் இன்னொரு தடவை பார்ப்பாள். டாக்டரே வந்து அவசரப்படுத்தினாலும் பார்க்காமல் எழுதமாட்டாள். எங்கள் குடும்பத்துக் குணம் அது.

அவர்கள் கல்யாணம் நடந்த கதையைக் கேட்டால் சிரிப்பு வரும். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வேண்டும் என்று அக்கா அவர் கடைக்குப் போயிருக்கிறாள். ஒரு கைப்பிடியை எடுத்து, "இது தாங்குமா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த ஆள் கைப்பிடியைப் பார்த்திருக்கிறார், அக்காவின் காலைப் பார்த்திருக்கிறார், "தாங்காது" என்று சொல்லிவிட்டு அதைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கனமான குழாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, துளை போடும் மெஷினோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். வீட்டைப் பார்க்க இது ஒரு சாக்கு என்றுதான் நான் அன்றைக்கே சொன்னேன். கம்பியை மாட்டிவிட்டு, அதில் தானே தொங்கிப் பார்த்தார். வௌவால் மாதிரி காலை மடக்கிக்கொண்டு தொங்கிய அந்த ஆளைப் பார்த்துத்தான் அக்கா மயங்கினாள். என்னத்தைச் சொல்ல.

அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்ட வராது, பயம். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் அக்காவை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுவதும் கூட்டிக்கொண்டு வருவதும் என் தலையில்தான் விழுந்தது. பதினோரு வருடம். காலையில் ஏழரைக்கு அவள் வாசலில் நிற்பேன். சாயங்காலம் கடை வேலை முடிந்ததும் மேடேறிப் போவேன். அவளுக்கென்று ஒரு நீல ஹெல்மெட், வண்டியின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டே இருக்கும். "ஒரு நாளாவது இந்தத் தொல்லை விடுதா பாரு" என்று தினமும் முணுமுணுப்பேன். என் மனைவி ஒரு தடவை, "ஒங்களுக்கு இதைவிட்டா பெருமைப்பட வேற என்ன இருக்கு?" என்று கேட்டாள். அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

அக்காவின் வேலை நாலு மணிக்கு முடிந்துவிடும். நான் போய்ச் சேர ஐந்தரை ஆகும், சில நாள் ஆறு. அதுவரைக்கும் அவள் ஆஸ்பத்திரி கேட்டில் வாட்ச்மேனுடைய பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் பம்ப் மோட்டார் ஒன்றில் மூழ்கிப்போய் போனை எடுக்கவில்லை. வெளியே அடைமழை. நான் போனபோது மணி ஏழு. அக்கா அந்த பெஞ்சில் பூட்ஸெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தாங்குமார் குடை பிடித்துக்கொண்டு நின்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மேடேறி வந்திருக்கிறார். வந்து என்ன செய்வது, சைக்கிளில் அவளை ஏற்ற முடியாதே. நின்றிருக்கிறார், அவ்வளவுதான்.

"மன்னிச்சிருங்க மாமா" என்றேன்.

"பரவாயில்ல மச்சான். வேலை இருக்கும்ல" என்றார்.

அந்தப் பரவாயில்லை எனக்கு எரிச்சலாக இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

அடுத்த வாரமே என் கடைக்கு வந்தார். பக்கத்து லேத்துக்காரர் என்னோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஒரு வண்டி செய்யலாம்னு இருக்கேன்."

"வண்டின்னா?"

"மூணு சக்கரம். மேல சோலார் பலகை. கையாலயே ஓட்டற மாதிரி. ஒங்கக்கா தனியா போயிட்டுத் தனியா வரலாம்ல."

நான் லேத்துக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். டீ இரண்டு பேருக்கும் மூக்கில் ஏறிவிட்டது.

"ஏன் மாமா, நீங்க சைக்கிள்லயே மேடு வந்தா எறங்கித் தள்ற ஆளு. நீங்க வண்டி செய்யப் போறீங்களா?"

"ஆஸ்பத்திரியில கரெண்ட்டு போட விடமாட்டாங்க மச்சான். ஆனா வண்டி நாள் முழுக்க வெயில்லதானே நிக்கும்? அதுவே ஏறிக்கும்ல?"

இருபத்திரண்டு வருடத்தில் அந்த வாயிலிருந்து வந்த ஒரே புத்தியுள்ள பேச்சு இது. அதையும் நான் ஒப்புக்கொள்ளவேண்டியதாகிவிட்டது. தயாராக விற்கிற வண்டி அவர்கள் கைக்கு எட்டாது. எட்டினாலும் அதைச் சார்ஜ் போட அந்த மேட்டில் இடமில்லை. வெயில் மட்டும்தான் தாராளமாகக் கிடைக்கிறது.

பழைய மூன்று சக்கர வண்டி ஒன்றின் கூட்டை எங்கேயோ பிடித்துவிட்டார். வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் போட்ட இடத்தில் அதை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமைதோறும் அதன் அடியில் படுத்துக் கிடந்தார். இரும்பு வேலை வரைக்கும் அவருக்கு வந்தது. மின்சாரத்தில் கை வைத்ததும் வண்டவாளம் தெரிந்துவிட்டது. அவருக்கு இந்த உலகத்தில் எல்லாமே நட்டும் போல்ட்டும்தான். எட்டு எம்.எம் போல்ட்டுக்கு எட்டு எம்.எம் நட்டு. எண் ஒன்றானால் பொருந்திவிட்டது, பொருந்திவிட்டால் முடிந்தது. அதே கணக்கில், மோட்டாரில் இருபத்து நாலு வோல்ட் என்று எழுதியிருந்ததால் எல்லாவற்றையும் இருபத்து நாலு என்று எழுதியதாகவே பொறுக்கிப் பொறுக்கி வாங்கினார். இருபத்து நாலு பலகை, இருபத்து நாலு விளக்கு, பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு பேட்டரி.

"இருபத்து நாலுக்கு இருபத்து நாலு. சரியாப் போச்சு மச்சான்" என்று சொல்லிக்கொண்டே உச்சி வெயிலில் பலகையிலிருந்து விளக்குக்கு நேராக இரண்டு ஒயரைக் கொடுத்தார். விளக்கு பளிச்சென்று ஒரு தடவை எரிந்து, பட்டென்று செத்துப்போனது.

நான் மீட்டரை வைத்துக் காட்டினேன். நாற்பத்து மூன்று.

"இருபத்து நாலுன்னுல போட்டிருக்கான்?" என்றார். கள்ள நோட்டை வாங்கி ஏமாந்தவர் மாதிரி பலகையின் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அது இருபத்து நாலு பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தற பலகை மாமா. பலகையே இருபத்து நாலு இல்ல. மேல இருக்கற தொட்டி ஒசரமா இருந்தாத்தானே கீழ தண்ணி வரும்? நடுவுல ஒரு பெட்டி போடணும். அது அளவா எறக்கிக் குடுக்கும். சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும்."

"புரியுது மச்சான்" என்றார். கடையில் பில் போடுகிற நோட்டின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். அந்த நோட்டை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தார். எழுத்து கோழி கிளறினதுபோல இருக்கும்.

இந்த விளக்குக் கதையை நான் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். கடைக்கு வருகிறவர், போகிறவர், மோட்டார் கொண்டுவருகிறவர், எல்லோருக்கும் சொன்னேன். அதற்குள் அவர் நடுவில் போடுகிற பெட்டியை வாங்கி மாட்டிவிட்டார், பேட்டரி ஏறவும் ஆரம்பித்துவிட்டது. பிறகு ஒயர் வந்தது. விசிறிக்குப் போடுகிற ஒயரை மோட்டாருக்குக் கொடுத்திருந்தார்.

"இது தாங்கும்ல மச்சான்?"

"தாங்கும், தாங்கும். அஞ்சு நிமிஷம் ஓட்டினா இதுல தோசைக்கல்லே காய வைக்கலாம். மாமா, வோல்ட்டு மட்டும் பொருந்தினா பத்தாது. ஆம்பியருன்னு ஒண்ணு இருக்கு. எவ்வளவு ஓடுதுன்னு பாக்கணும். சமதரையில கம்மியா இழுக்கும், மேட்டுல மூணு மடங்கு இழுக்கும். ஒங்க கயிறு மாதிரிதான். எத்தனை கிலோன்னு கேக்காம எப்படிக் குடுப்பீங்க?" கேட்டுவிட்டு நானே சொன்னேன், "சரி, நீங்க அப்படித்தான் குடுப்பீங்க."

அதற்கும் கோபம் வரவில்லை அவருக்கு. விரல் தடிமனில் ஒயர் வாங்கிவந்து மாட்டினார். நோட்டில் ஒரு கட்டம் போட்டு, ஒரு பக்கம் வோல்ட், ஒரு பக்கம் ஆம்பியர் என்று எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு சாமானையும் பையில் போட்டு என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார். நான் அளந்து சொல்வேன், கூடவே இரண்டு கிண்டல். அவர் அளவை எழுதிக்கொள்வார். கிண்டலை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்.

எனக்கு வாகாகக் கிடைத்த இன்னொன்று கை பிரேக்கு. அக்காவால் காலால் மிதிக்க முடியாது என்பதற்காக, கட்டைவிரல் தடிமனில் ஒரு சங்கிலியும் நீளமான இரும்புப் பிடியும் வைத்து அவரே செய்திருந்தார். எல்லாம் அவர் கடைச் சரக்கு.

"என்ன மாமா இது, மாடு கட்டற சங்கிலியா? கப்பலையா நிறுத்தப் போறீங்க?"

"தாங்கும் மச்சான்" என்றார்.

ஒரு வருடம் ஆனது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வண்டி தெருவில் ஓடியது. உள்ளதைச் சொல்லவேண்டும், ஓடியது. அக்கா உட்கார்ந்து ஓட்டினாள். தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி, மறுபடியும் போய்த் திரும்பி, மூன்றாவது தடவை மூலையில் வளைந்து எங்கள் கண்ணுக்கே மறைந்துவிட்டாள். தாங்குமார் பதறி ஓடினார். பத்து நிமிடம் கழித்து அடுத்த தெரு வழியாக வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு தெருவை யாரிடமும் சொல்லாமல் சுற்றிவிட்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்து, "திங்கக்கெழமையிலேர்ந்து நீ வரவேணாம்டா. ஒனக்கும் தொல்லை விட்டுது" என்றாள்.

அது நான் பதினோரு வருடமாகச் சொன்ன வார்த்தை. அவள் திருப்பிச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்று குத்தியது. சிரித்து வைத்தேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த நீல ஹெல்மெட் வண்டியில் இடித்துக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாங்குமார் மறுபடி கடைக்கு வந்தார். லேத்துக்காரரும் இருந்தார். பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிற கன்ட்ரோலர். எங்கேயோ கழித்துப்போட்ட தரை துடைக்கிற மெஷினிலிருந்து கழற்றியது. இதை மட்டும் இன்னும் என்னிடம் காட்டவில்லையாம். நாளைக்கு மேடு ஏறப்போகிறாள் என்பதால் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"மச்சான், மத்ததெல்லாம் நீ பாத்துட்ட. இது ஒண்ணுதான் பாக்கி. நாளைக்கி அவ உக்காந்து போறா. இது தாங்குமா?"

பெட்டியைத் திருப்பினேன். முதுகில் இருபத்து நாலு வோல்ட் என்று பெரிதாக எழுதியிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் பதினைந்து ஆம்பியர். சமதரையில் அந்த வண்டி பத்து இழுக்கும், ஓடும். ஆஸ்பத்திரி மேட்டில் முப்பதுக்கு மேல் இழுக்கும். அதற்கு மீட்டர்கூட வேண்டாம். பதினோரு வருடமாக அந்த மேட்டில் இரண்டாவது கியரில் ஏறுகிறவன் நான்.

மீட்டர் அதன் ஆணியில்தான் தொங்கியது. கையை நீட்டினால் எட்டும்.

நான் நாற்காலியில் சாய்ந்து, அவரைப் போலவே தலையை ஒரு பக்கம் ஆட்டி, அவர் குரலிலேயே இழுத்துச் சொன்னேன். "தாங்கும்."

லேத்துக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். தாங்குமார் சிரிக்கவில்லை. ஒரு பெரிய மூச்சு விட்டார். நோட்டில் ஏதோ எழுதி, அதை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். "நல்லவேளை மச்சான். ராத்திரி தூக்கம் வராதுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

அவர் நம்பிவிட்டார் என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. எழுந்து வாசலுக்குப் போய் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். தெருமுனை வரைக்கும் மெதுவாகத்தான் போனார். போகட்டும், பாதி மேட்டில் நிற்கும், நாலு பேர் பார்ப்பார்கள், அப்போது புத்தி வரும் என்று நினைத்தேன். நின்றால் என்ன, நான் இருக்கிறேனே என்றும் நினைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்தேன். சட்டைகூட நல்லதாகப் போட்டுக்கொண்டேன். மேட்டின் அடியில் இருக்கிற டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு, நீல ஹெல்மெட்டை எடுத்துத் தூசி தட்டி, சீட்டின் மேல் தயாராக வைத்தேன்.

ஏழு நாற்பதுக்கு வந்தார்கள். முன்னால் அக்கா, பின்னால் சைக்கிளில் தாங்குமார். அக்கா என்னைப் பார்த்துக் கை ஆட்டிவிட்டு மேட்டில் திருப்பினாள். வண்டி முனகிக்கொண்டு ஏறியது. தாங்குமார் வழக்கம்போல இறங்கி சைக்கிளைத் தள்ள ஆரம்பித்தார். கால்வாசி ஏறியது, பாதி ஏறியது. பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் வந்து ஹாரன் அடித்தது. அக்கா பயந்து இன்னும் வேகம் கொடுத்தாள் போலிருக்கிறது. சீட்டின் அடியிலிருந்து வெள்ளைப் புகை வந்தது.

வண்டி நின்றது. நிற்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நிற்கிற வண்டி மேட்டில் நின்ற இடத்தில் நிற்காது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. அது பின்னால் உருள ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் டிரைவர் கத்தினார். தாங்குமார் சைக்கிளைத் தூக்கி எறிந்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையையும் நீட்டினார். அந்த எலும்பும் தோலுமான மனிதர், உருண்டு வருகிற வண்டியைக் கையால் பிடிக்க நிற்கிறார். நான் டீ கிளாஸோடு நின்றேன்.

அக்கா இரும்புப் பிடியை இரண்டு கையாலும் பிடித்து, முழு உடம்பையும் சாய்த்து இழுத்தாள். சங்கிலி விறைத்தது. சக்கரம் கிறீச்சிட்டது. வண்டி நின்றுவிட்டது. தாங்குமாருடைய உள்ளங்கைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. ஆம்புலன்ஸ் ஒதுங்கி மேலே போயிற்று.

நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அக்கா பிடியை இன்னும் விடவில்லை. விரலெல்லாம் வெளுத்திருந்தது. தாங்குமார் சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு, சீட்டைத் தூக்கிப் பார்த்தார். கறுப்புப் பெட்டி இளகி வாயைப் பிளந்திருந்தது. உள்ளே மின்சாரம் ஓடுகிற செம்புக் கோடு உருகி அறுந்துபோயிருந்தது.

"என் தப்புதான். எங்கேயோ ஒயரை மாத்திக் குடுத்துட்டேன்" என்றார் அக்காவிடம். "பெட்டியில கோளாறு இருக்காது. அதை மச்சான் பாத்துட்டுத் தாங்கும்னு சொன்னான்."

அக்கா என்னைப் பார்த்தாள். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்க்கிற அதே பார்வை.

"பாத்தியா?"

நான் குனிந்து அந்த உருகின பெட்டியைப் பார்த்தேன்.

"மீட்டர் வெச்சுப் பாத்தியான்னு கேக்கறேன்."

"இல்லக்கா."

"பாக்காமயா சொன்ன? நீயா?"

"சும்மா கிண்டலுக்குத்தான்..."

அவள் கண், கீழே டீக்கடைப் பக்கம் போயிற்று. என் வண்டியும், சீட்டின் மேல் தயாராக இருந்த நீல ஹெல்மெட்டும் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தன. கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவர் எத்தனையோ பேருக்குத் தாங்கும்னு சொல்லியிருக்கார். எனக்கு மட்டும் பாத்துட்டுத்தான் சொல்லுவார்" என்றாள். "நீ எல்லாருக்கும் பாத்துட்டுச் சொல்லுவ. எனக்கு மட்டும் பாக்காம சொல்லிட்ட."

"ஏறுக்கா, நான் கொண்டுபோய் விடறேன். நேரமாகுது" என்றேன்.

அவள் கம்பை எடுத்து ஊன்றினாள். தாங்குமார் தோளைக் கொடுத்தார். மீதி மேட்டை இரண்டு பேரும் நடந்தே ஏறினார்கள். பத்தடிக்கு ஒரு தடவை நின்றார்கள். நான் அந்த வண்டிக்குக் காவலாக நின்றேன். மேட்டு முனையில் அவர்கள் மறைய இருபது நிமிடம் ஆயிற்று. இத்தனை நாள் நான் கேவலமாகப் பேசினது எல்லாம் அந்த மனிதரை. அன்றைக்கு அங்கே நின்ற கேவலமான ஆள் நான்தான். சங்கிலியைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு கண்ணிகூட நெளியவில்லை.

அந்த வாரம் அக்காவை யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று எனக்குத் தெரியாது. என் போனை அவள் எடுக்கவில்லை. அறுபது ஆம்பியர் தாங்குகிற புதுக் கன்ட்ரோலர் ஒன்றைத் தேடிப் பிடித்து, கடையில் வைத்து மூன்று தடவை சோதித்து, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அக்கா கதவைத் திறந்துவிட்டு அப்படியே உள்ளே போய்விட்டாள். தாங்குமார் மட்டும், "வா மச்சான்" என்றார். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த மனிதருக்கு ஒரு மானம் ரோஷம் கிடையாதா என்று அப்போதும் எனக்குத் தோன்றியது. குணம் அவ்வளவு சீக்கிரம் போகுமா.

மாட்டி முடித்ததும், அக்காவின் எடைக்குச் சரியாக மணல் மூட்டை கட்டி சீட்டில் வைத்தார். பக்கத்தில் தான் நெருக்கி உட்கார்ந்துகொண்டார். மோட்டார் சைக்கிளுக்குப் பயப்படுகிற ஆள், அந்த மேட்டில் தானே ஓட்டிப் பார்க்கப் போகிறார். மேட்டின் அடிக்கு வந்ததும் என் மீட்டரை மோட்டார் ஒயரில் கவ்வவைத்தேன். அதிகபட்சம் எவ்வளவு போனது என்பது அதில் அப்படியே நிற்கும். நோட்டை என்னிடம் கொடுத்து, "நீ எழுது மச்சான்" என்றார்.

வண்டி மேலே போய் முனையில் நின்றது. நான் பின்னாலேயே நடந்து ஏறினேன். நடந்துகொண்டே நோட்டைப் பிரித்தேன். பலகை, சார்ஜ் பெட்டி, பேட்டரி, ஒயர், பியூஸ், மோட்டார். ஒவ்வொன்றுக்கும் நேராக வோல்ட் ஓர் எண், ஆம்பியர் ஓர் எண். எல்லாம் நான் அளந்து சொன்னவை. கன்ட்ரோலர் என்ற வரியில் மட்டும் இரண்டு கட்டத்திலும் எண் இல்லை. கோழிக் கிளறல் எழுத்தில் குறுக்கே எழுதியிருந்தது, 'மச்சான் சொல்லிவிட்டான்.' அதை அவர் இன்னும் அடிக்கவில்லை.

மேலே போய்ச் சேர்ந்து, குனிந்து மீட்டரைப் பார்த்தேன்.

"எவ்வளவு மச்சான்?"

"முப்பத்து நாலு மாமா. பெட்டி அறுபது தாங்கும்."

"நீ பாத்தியா?"

குத்திக் கேட்கவில்லை. அவருக்கு அப்படிக் கேட்கத் தெரியாது.

"பாத்தேன் மாமா."

"சரி" என்றார். பிரேக்கை இழுத்து மாட்டிவிட்டு, மெதுவாகக் கீழே இறங்கினார். என்னைத் தாண்டி வந்து, சீட்டுக்கு அடியில் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மீட்டரைத் தானும் ஒரு தடவை பார்த்தார்.